கம்மின்ஸ் ஊரில் குடித்தனம்

கொலம்பஸ் என்றால் எல்லோரும் ஒஹையோவைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது இண்டியானாவில் இருக்கும் கொலம்பஸ். இண்டியானாபோலிஸிலிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 50,000க்குச் சற்று மேல். டீசல் எஞ்சின் செய்யும் கம்மின்ஸின் தலைமையகம் இந்தச் சிறு ஊரில்தான் இருக்கிறது. அதனால் மெக்கானிக்கல் படித்த நம் ஆட்களுக்கு இங்கிருந்து வேலை அழைப்பு வருவதும், "அங்கே என்ன இருக்கு, போகலாமா" என்று தெரிந்தவர் மூலமாக என்னிடம் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நான் கம்மின்ஸ் ஊழியன் இல்லை. வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து, அந்த வேலை போய், இன்னொரு வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவன்.

போகலாமா என்றால், போகலாம். ஆனால் வேலை, வீடு, சனிக்கிழமை இண்டியானாபோலிஸ் என்று இருந்தால் ஒரே வருடத்தில் சலித்துவிடும். இந்த ஊரை வேறு மாதிரி பயன்படுத்த வேண்டும். அது ஏன் என்று புரிய கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிளாட்ராக், டிரிஃப்ட்வுட் என்ற இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் 1821இல் ஊர் உண்டானது. 1844இல் ரயில் வந்தது. சோளம், மாவு மில், தோல் பதனிடும் ஆலை என்று அந்தப் பக்கத்தின் மற்ற ஊர்களைப் போலத்தான் இதுவும் இருந்தது. அர்வின் என்ற குடும்பம் கடை வைத்து, கடையிலிருந்து வங்கிக்குப் போனது. அந்த வீட்டுக்குக் கார் ஓட்டவும் பழுது பார்க்கவும் 1908இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் கை சும்மா இருக்காது. வங்கி முதலாளி டபிள்யூ.ஜி. அர்வின் பணம் போட, 1919இல் டிரைவரின் பெயரிலேயே எஞ்சின் கம்பெனி தொடங்கியது. முதலாளியின் பெயரில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் இது நடந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தொடக்கமே அடி. பண்ணைகளுக்கான சின்ன எஞ்சினை சியர்ஸ் ரோபக் தபால் விற்பனை மூலம் விற்றார்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது சியர்ஸின் விதி. விவசாயிகள் என்ன செய்வார்கள்? பருவம் முழுக்க ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். 1929 கிறிஸ்துமஸ் அன்று கிளெஸ்ஸி ஒரு பழைய பேக்கார்டு காரில் தன் டீசல் எஞ்சினைப் பொருத்தி, முதலாளியை உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். அடுத்த மாதமே அதே காரை நியூயார்க் கார் கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார், கிட்டத்தட்ட 800 மைலுக்கு எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். 1931இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஒரு டீசல் காரை இறக்கினார்கள், 500 மைலையும் ஓரிடத்தில் கூட நிறுத்தாமல் ஓடி 13வது இடத்தில் வந்தது. இத்தனை கூத்துக்கும் பிறகு கம்பெனி முதல் லாபத்தைப் பார்த்தது 1937இல். 18 வருடம் பொறுமையாகக் காசு போட்டுக்கொண்டே இருந்த முதலாளி அமைந்தது கிளெஸ்ஸியின் அதிர்ஷ்டம், ஊரின் அதிர்ஷ்டமும் கூட.

இந்த ஊரை இப்போது இருக்கும் ஊராக ஆக்கியவர் அர்வின் குடும்பத்தின் பிந்தைய தலைமுறைக்காரர், ஜே. அர்வின் மில்லர். 1934இல் கம்பெனி நிர்வாகத்துக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பெனி வேகமாக வளர்கிறது, நல்ல எஞ்சினியர்கள் வேண்டும். ஆனால் சிகாகோவிலும் பாஸ்டனிலும் படித்தவன் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு ஏன் வருவான்? அவனே வந்தாலும் மனைவி சம்மதிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். அதே சமயம் ஊரில் குழந்தைகள் பெருகி, அவசர அவசரமாகப் பள்ளிக்கூடங்கள் கட்ட வேண்டிய நிலை. 1954இல் கம்மின்ஸ் அறக்கட்டளை ஒரு ஏற்பாட்டை முன்வைத்தது. பொதுக் கட்டடம் கட்டுகிறீர்களா, கட்டடத்தை வடிவமைப்பவரின் கட்டணம் முழுவதையும் நாங்கள் கொடுக்கிறோம், நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். கட்டும் செலவு ஊர்க்காரர்களின் வரிப் பணம், முடிவும் அவர்களுடையது. ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப் பள்ளி 1957இல் அப்படித்தான் முதலாவதாக வந்தது.

அப்புறம் நல்ல கட்டடங்கள் வரிசையாக வந்தன, அந்தத் திட்டத்திலும் அதற்கு வெளியிலும். ஐ.எம். பெய் வடிவமைத்த நூலகம் 1969இல். அதன் முன்னால் ஹென்றி மூரின் 20 அடி உயர வெண்கல வளைவு, கீழே குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு ராபர்ட் வெஞ்சுரி, நடுவூரின் பழைய காமன்ஸ் கூடத்துக்கு சீசர் பெல்லி, இப்போது நிற்பது அதை மாற்றிக் கட்டியது. திட்டம் வருவதற்கு முன்பே 1942இல் ஈலியல் சாரினென் கட்டிய தேவாலயம் ஒன்று, அவர் மகன் ஈரோ சாரினென் 1954இல் கட்டிய கண்ணாடி வங்கி ஒன்று. கட்டடக் கலை படிக்கிற மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மில்லர் சும்மா கட்டடப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய சர்ச்சுகள் மன்றத்துக்குத் தலைவராக இருந்து கறுப்பின மக்களின் உரிமைக்கான 1963 வாஷிங்டன் பேரணிக்குத் துணை நின்றவர். ஆனாலும் அந்தக் கட்டடத் திட்டத்துக்குள் ஒரு முதலாளியின் கணக்கு இருந்தது என்பது என் எண்ணம், அதில் தப்பும் இல்லை. ஆள் வர வேண்டும், வந்தவன் தங்க வேண்டும். நாமும் அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவர்கள்தானே.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எஞ்சின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டீசல் வொர்க்கர்ஸ் யூனியன் ஆள். அவரிடம் போய் பெய், சாரினென் என்றால் தோளைக் குலுக்குவார். ஆனால் எந்தப் பள்ளியின் கூரை ஒழுகியது, அதைச் சரிபண்ண எவ்வளவு வரி போனது, ஆலையில் எந்த வருடம் யார் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். பிரபலமான வடிவமைப்பாளரின் தட்டைக் கூரையைப் பராமரிப்பது எவ்வளவு செலவு பிடித்த வேலை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் சுற்றுலா மையத்துக்கு ஒரு தடவை போங்கள், இந்த மாதிரி ஆட்களிடம் பல தடவை பேசுங்கள்.

சரி, குடித்தன விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வந்து இறங்கியபோது திருச்சிக்கார அக்கா ஒருவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, சோபா அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல லைப்ரரி கார்டு வாங்கு." நூலகம் என்றால் புத்தகம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்குக் கதை நேரம், பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு, குளிர்காலத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே எங்கேயாவது ஓடவிட ஒரு இடம், எல்லாம் அதுதான். காமன்ஸ் கூடத்துக்குள் ஒரு பெரிய விளையாட்டுத் திடல் இருக்கிறது, காசு கிடையாது. பக்கத்திலேயே ழான் டிங்குவெலி செய்த 'கேயாஸ்' என்ற ராட்சத இயந்திரச் சிற்பம் சக்கரமும் சங்கிலியுமாகச் சுழலும். எஞ்சினியர் அப்பாக்கள் பிள்ளையை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அன்றாடக் காட்சி. ஜனவரியில் வெளியே மைனஸ் 15 இருக்கும்போது இந்த இரண்டு இடங்கள் இல்லையென்றால் என் மனைவி ஊருக்கே திரும்பியிருப்பாள்.

எச்-1பி வேலை விசாக்காரரோடு எச்-4 விசாவில் வரும் துணைக்குத்தான் இந்த ஊர் அதிகம் கடினம், இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பேருந்து உண்டு, ஆனால் அதை நம்பி நாள் திட்டம் போட முடியாது. அதனால் வந்த முதல் மாதங்களிலேயே இருவரும் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள், இரண்டாவதாக ஒரு பழைய கார் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். வேலை செய்ய அனுமதி வரும்வரை படிக்கலாம், இண்டியானா பல்கலையின் வளாகமும் ஐவி டெக் கல்லூரியும் ஊரிலேயே இருக்கின்றன. எல்லோரும் சம்பளமில்லாமல் செய்யும் தொண்டு வேலைக்கும் தடையில்லை.

தொண்டு வேலை பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் வாழ்க்கை நடப்பதே குழுக்களால்தான். பள்ளிக்கு ஒரு குழு, பூங்காவுக்கு ஒரு குழு, உணவு வங்கிக்கு ஒரு குழு, கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) 4-எச் என்ற பிள்ளைகள் அமைப்பின் கண்காட்சிக்கு ஒரு குழு. கம்மின்ஸில் ஊழியர்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது நாலு மணி நேரம் சம்பளத்தோடு சமூக வேலைக்கென்றே கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த நாலு மணி நேரத்தை ஆபீஸ் நண்பர்களோடு ஒரு பூங்காவில் இலை வாரிப் படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அதனால் பயன் கம்மி. மாதாமாதம் ஒரே இடத்துக்குப் போனால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் ரோபோட்டிக்ஸ் குழுவில் போய் நின்றேன். நட்டு முறுக்கத் தெரிந்தால் போதும், உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

முதல் தடவை கூட்டத்துக்குப் போகும்போது சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருக்கும். எலுமிச்சை சாதத்தை விட வடை நன்றாக ஓடும், சட்னியைக் காரம் குறைத்துத் தனியாக வையுங்கள். சைவம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பச்சைப் பட்டாணி சாலட்டுக்குள் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது இங்கே சாதாரணம். அப்புறம், சர்ச்சுக்கு அழைப்பார்கள். மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தவுடன் மிரள வேண்டாம், பல சமயம் அது வெறும் சூப் விருந்து. வராவிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. சர்ச்சுகளுக்கே இங்கே ஆள் குறைகிறது. ஈரோ சாரினெனின் கடைசிக் கட்டடங்களில் ஒன்றான நார்த் கிறிஸ்டியன் சர்ச், வானத்தைக் குத்தும் அந்த ஊசிக் கோபுரத்தோடு 1964இல் எழுந்தது, உறுப்பினர்கள் குறைந்து 2022இல் சபையைக் கலைத்துவிட்டார்கள். கட்டடத்தை நூலகம் ஏற்றுக்கொண்டது.

அக்டோபரில் எத்னிக் எக்ஸ்போ என்று ஒரு திருவிழா, 1984இல் தொடங்கியது. நகர மன்றத்தைச் சுற்றித் தெருவை அடைத்துச் சாப்பாட்டுக் கடைகள், ஊர்வலம், நடனம். இந்தியக் கடைக்கு எப்போதும் கூட்டம்தான். அங்கே சமோசா பொரிக்க ஆள் தேவைப்படும், பொரித்துப் பாருங்கள், ஒரு வருடம் ஆபீஸில் இருந்து தெரிந்துகொள்கிற ஆட்களை ஒரு சனிக்கிழமையில் தெரிந்துகொள்வீர்கள். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு நார்த், ஈஸ்ட் என்ற இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்துக்குப் போங்கள். இண்டியானாவில் கூடைப்பந்து தெரியாமல் டீக்கடைப் பேச்சு கிடையாது (டீக்கடையும் கிடையாது, அது வேறு சோகம்). ஜகராகோஸ் என்று 1900இல் கிரேக்கச் சகோதரர்கள் தொடங்கிய ஐஸ்கிரீம் கடை ஒன்று இருக்கிறது, பளிங்கு மேடையும் தானே வாசிக்கும் பழைய இசைப்பெட்டியுமாக. 2006இல் மூடி, புதுப்பித்து 2009இல் திறந்தார்கள். விருந்தாளி வந்தால் அங்கே, எடின்பர்க் அவுட்லெட் கடைகள், இலை சிவக்கும் மாதமென்றால் பிரவுன் கவுண்டி. கோவிலுக்கும் மாவு, வெண்டைக்காய் மொத்தமாக வாங்கவும் இண்டியானாபோலிஸ் பக்கம். விருந்தாளி கவனிப்பு அதோடு முடிந்தது.

இனி யாரும் வேலை அழைப்புக் கடிதத்தில் எழுதாத விஷயம். இது ஒரே தொழில் ஊர். முழுக்க ஒரே கம்பெனி என்று சொல்ல முடியாது. டொயோட்டாவின் ஃபோர்க்லிஃப்ட் ஆலை 1990இலிருந்து இருக்கிறது. ஆர்வின் (முன்னால் சொன்ன அர்வின் வேறு, இது வேறு பெயர்) என்ற கம்பெனி ஹீட்டரும் ரேடியோவும் சைலன்சரும் செய்து வளர்ந்து, 2000இல் மெரிட்டரோடு இணைந்தது. அதன் சைலன்சர் தொழில் பிறகு கை மாறி ஃபோரேசியாவுக்குப் போனது. ஆலைக்குள் போகும் ஆட்கள் அவர்களேதான், வாசலில் பலகை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. காஸ்கோ என்று படி ஸ்டூல் செய்த கம்பெனி இப்போது டோரெலின் கையில், குழந்தைகளுக்கான கார் இருக்கை செய்கிறது. நீங்கள் வந்ததும் வாங்கும் முதல் பொருள்களில் ஒன்று இந்த ஊரில் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலான ஆலைகள் வண்டியை ஒட்டியே பிழைக்கின்றன. லாரி விற்பனை படுத்தால் எல்லாம் சேர்ந்து படுக்கும். நிசான் டைட்டன் வண்டிக்காக கம்மின்ஸ் வி8 டீசல் எஞ்சினை இந்த ஊரிலேயே செய்தபோது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. வண்டி எதிர்பார்த்த மாதிரி விற்கவில்லை, 2019இல் அந்த ஜோடி முடிந்தது.

என் முதல் கம்பெனியும் அப்படி ஒரு சரிவில், பெயர் வேண்டாம், ஒரு மதியம் எங்களில் சிலரைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்து மாலைக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டது. எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். பெருநகரத்தில் இந்த 60 நாளில் நடந்துபோகும் தூரத்தில் பத்து கம்பெனி இருக்கும். இங்கே ஒருவரை ஒருவர் தெரிந்த நாலைந்து ஆலை மேலாளர்கள்தான். ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. ரோபோட்டிக்ஸ் குழுவில் என்னோடு கிரீஸ் கையாக நின்ற ஒரு அம்மா இன்னொரு ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர். விஷயம் கேள்விப்பட்டு அவரே போன் செய்து, "உன் ரெஸ்யூமே அனுப்பு, நாளைக்கே" என்றார். இணையத்தில் விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில் வருவதற்குள் இந்த நேர்காணல் முடிந்து, மனுவும் போய்விட்டது. நான் அந்தக் குழுவில் சேர்ந்தது இதை நினைத்து இல்லை. ஆனால் நீங்கள் நினைத்தே சேருங்கள் என்பேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மில்லரே கணக்குப் போட்டவர்தானே.

கூடவே வைத்துக்கொள்ள வேண்டியவை: விசா மனு ஒப்புதலுக்கு வரும் எல்லா ஐ-797 தாள்களின் நகலும் சம்பள ரசீதுகளும் உங்கள் சொந்தக் கணினியில் இருக்க வேண்டும், ஆபீஸ் லேப்டாப்பில் இல்லை, அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள். கிரீன் கார்டுக்கான ஐ-140 ஒப்புதல் ஆகி 180 நாள் கடந்திருந்தால் பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் ஒப்புதல் ரத்தாகாது. அதனால் அந்த மனுவைச் சீக்கிரம் போடச் சொல்லி முதல் வருடத்திலிருந்தே நச்சரிக்க வேண்டும். மரியாதையாக நச்சரிக்கலாம், ஆனால் விடக்கூடாது.

வீடு வாங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய ஊர்களோடு ஒப்பிட்டால் விலை மலிவு, மாதத் தவணை வாடகைக்குப் பக்கத்தில் வரும், எல்லோரும் வாங்கு வாங்கு என்பார்கள். ஆனால் ஆட்குறைப்பு வந்தால் உங்கள் வேலையும் போகும், அதே வாரம் பக்கத்துத் தெருவில் நாலு வீட்டு முன்னால் விற்பனைப் பலகையும் நிற்கும். முதல் வருடம் வாடகையில் இருந்து, மூன்று நாலு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் பாருங்கள்.

பார்க்கும்போது ஆற்றை மறக்காதீர்கள். 2008 ஜூன் 7 அன்று கொட்டிய மழையில் ஆறுகளோடு ஹா கிரீக் என்ற ஓடையும் பொங்கி ஊருக்குள் வந்தது. சாதாரண நாளில் அந்த ஓடையைத் தாண்டிக் குதிக்கலாம் போலிருக்கும். ஊர் மருத்துவமனையின் அடித்தளம் மூழ்கி, மின்சாரம் போய், 150க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கைகளில் தூக்கி வெளியேற்றினார்கள். மருத்துவமனை முழுமையாகச் செயல்பட மாதங்கள் ஆயின, பிறகு வெள்ளத் தடுப்புச் சுவரும் கட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைக்கு யூனியன் ஆட்களும் மேலாளர்களும் ஒரே வரிசையில் நின்று மணல் மூட்டை கைமாற்றியதைச் சொல்வார், அதற்கு அடுத்த வாரமே பழையபடி சண்டை போட்டதையும் சொல்வார். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீடு தனி, அதை எடுத்தாலும் நடைமுறைக்கு வர வழக்கமாக 30 நாள் ஆகும், எனவே மழைச் செய்தி பார்த்துவிட்டு வாங்க முடியாது. ஃபீமா என்ற அரசுப் பேரிடர் நிர்வாக அமைப்பின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பேஸ்மென்டில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருக்கிறதா, மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க்கிற வீட்டின் பேஸ்மென்ட் சுவரில் தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் பலகை புதிதாக இருந்தால், 2008இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஏஜென்ட்டை விட்டுவிட்டு எதிர்வீட்டில் கேளுங்கள், விலையை அப்புறம் பேசலாம்.